ஈயமில்லா பெட்ரோலுக்கு ஹெரால்டின் ஹெட்டைத் தயார் செய்தது

வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் மார்க் 3. அப்பா 1978இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்ட் காருக்கு இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டைச் செய்தது நம்ம வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு தொழிற்சாலை மட்டும்தான். 948 சிசி, நாலு சிலிண்டர், பிளாக்கும் அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இந்த ஹெட்டில் வால்வு வந்து உட்காரும் சீட் தனித் துண்டாக இருக்காது, ஹெட்டின் இரும்பிலேயே கடைந்திருப்பார்கள். இந்தப் பதிவு முழுக்க, எரிந்த புகையை வெளியே விடும் வால்வுகளின் சீட், அதாவது அந்த நாலு எக்ஸாஸ்ட் சீட் பற்றித்தான்.

போன வருஷம் வரை வண்டி ஞாயிற்றுக்கிழமை வண்டியாகத்தான் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர், அதிகபட்சம் கோவளம். அப்புறம் திண்டிவனத்தில் ஒரு வேலை வந்து, மாதம் மூன்று நான்கு தடவை ஜிஎஸ்டி ரோட்டில் போக வேண்டியிருந்தது. மூன்றாவது பயணத்தில் ஐடிலிங் தள்ளாட ஆரம்பித்தது. டாப்பெட் கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டால், இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்டில் வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டிய இடம், அதாவது கால் மில்லிமீட்டர். 2 தௌ தகடுகூட நுழையவில்லை. சரி, செட் பண்ணிவிட்டேன். 500 கிலோமீட்டர் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே இரண்டு வால்வில் இடைவெளி பாதியாகியிருந்தது.

பழைய இன்ஜினில் டாப்பெட் கடகடவென்று அடித்தால்தான் கவலைப்படுகிறோம். உண்மையில் சத்தம் அடங்கிப்போவதுதான் ஆபத்து. வால்வு சீட்டைத் தின்றுகொண்டு ஹெட்டுக்குள் ஏறும்போது தண்டு மேலே வந்து ராக்கரை முட்டுகிறது, சத்தம் குறைகிறது. இடைவெளி முழுக்கப் போனதும் வால்வு சரியாக மூடாது. வெடிக்கும் நெருப்பு அந்த இடுக்கு வழியாகப் பீய்ச்சி வால்வின் ஓரத்தையே எரித்துவிடும்.

கம்ப்ரெஷன் பார்த்தேன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, psi கணக்கில். ஒன்று 128, இரண்டு 85, மூன்று 80, நாலு 124. இரண்டிலும் மூன்றிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தபோதும் முள் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் ஏறும். ஆக, காற்று வால்வு வழியாகத்தான் போகிறது. இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வுகள் முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8. நாலும் ஐந்தும், அதாவது இரண்டாவது மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட்கள், ஒட்டியபடி இருக்கின்றன. சூடு அதிகம் சேரும் இடம் அது. என் ஹெட்டில் மோசமாகப் போனதும் அந்த இரண்டுதான்.

இப்போது ஈயத்தின் கதை. பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சேர்த்தால் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது, நிற்கும் என்று 1921இல் கண்டுபிடித்தார் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி. சீட்டைக் காப்பாற்றுவது யாரும் கேட்காமல் கிடைத்த இன்னொரு பலன். எரிந்த ஈயத்தின் உப்புகள் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். எக்ஸாஸ்ட் வால்வு சிவக்கச் சிவக்கச் சூடாகி, இன்ஜின் 3,500 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 1,750 முறை சீட்டில் வந்து அறைகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் ஒவ்வொரு அறையிலும் இரும்பும் இரும்பும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டிக்கொண்டு பிய்கின்றன. பிய்ந்த துணுக்கு வால்வில் ஒட்டி உப்புக்காகிதம் போலச் சீட்டைத் தேய்க்கிறது. வேகமும் சுமையும் கூடினால் தேய்மானமும் கூடும். நகருக்குள் ஊர்ந்தபோது தெரியாதது ஜிஎஸ்டி ரோட்டில் தெரிந்தது இதனால்தான். இன்லெட் வால்வைப் புதுக் காற்றும் பெட்ரோலும் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லா பெட்ரோல் வந்தது, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் வைத்த புது கார்களுக்காக. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் நின்றுபோனது. அது போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம் அது. ஆனால் 2000லிருந்து பதினாறு வருஷம் இந்த வண்டி ஒன்றும் ஆகாமல்தான் ஓடியது. பிறகு ஏன் இப்போது?

காரணம் நான் செய்த ஒரு வேலை. பல வருஷம் ஈயப் பெட்ரோலில் ஓடிய சீட்டில் இறுகிய ஒரு மேல்தோல் இருக்கும். மெதுவாக ஓட்டும் வண்டியை அது வெகுகாலம் காப்பாற்றும். 2016இல் ஹெட் கேஸ்கெட் மாற்றக் கழற்றியபோது, 'கழட்டினதுதான் கழட்டினோம், வால்வையும் கிரைண்ட் பண்ணிடலாம்' என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். சீட்டைக் கல் போட்டுத் தேய்த்து, பேஸ்ட் வைத்து உருட்டி, பளபளவென்று கொடுத்தார்கள். அந்தப் பளபளப்பில் போனது மேல்தோல்தான். அதற்குப் பிறகு பச்சை இரும்புதான் அடி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வார்ப்பிரும்பு ஹெட் வைத்திருப்பவர்களிடம் நான் இதை அழுத்திச் சொல்வேன்: எக்ஸாஸ்ட் சீட்டில் கல் வைத்தால், அப்படியே மூடாதீர்கள். தனி உலோக ரிங்கைச் சீட்டாகப் பதித்துவிட்டு மூடுங்கள். கல் வைக்கத் தேவையில்லை என்றால் தொடாமல் விடுங்கள்.

ஈயத்துக்குப் பதிலாகப் பெட்ரோலில் கலக்கும் டப்பா மருந்துகளும் உண்டு. பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், மாங்கனீசு என்று ஆளுக்கொரு அடிப்படை. ஒன்றை ஊற்றினால் அதையே தொடர வேண்டும், ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்குப் போதும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட நினைப்பவனுக்கு ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் டப்பாவை அளந்துகொண்டிருப்பது கட்டாது.

ஹெட்டைக் கழற்றும் வேலையில் ஹெரால்ட் ஒரு வரம். முன்பக்கம் முழுக்க பானெட்டோடு முன்னால் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். தண்ணீரை இறக்கி, கார்புரேட்டர், மேனிஃபோல்டு, ராக்கர் ஷாஃப்ட் எல்லாம் எடுத்து, எட்டு புஷ் ராடையும் அட்டையில் துளை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தேன். நட்டுகளை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஹெட் அசையவில்லை. ஸ்டட்கள் ஹெட்டின் துளைகளில் துருப்பிடித்துப் பிடித்திருந்தன. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் முகம் பாழாகும். இரண்டு நாள் துரு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அப்புறம் பிளக்குகளை மாட்டி, நட்டுகளை ஓரிரு திருகில் நிற்க விட்டு, ஸ்டார்ட்டரை ஒரு சுற்று விட்டதும் உள்ளே அடைபட்ட காற்றே ஹெட்டைத் தூக்கிக் கொடுத்தது.

ஸ்டீல் ஸ்கேலை ஹெட்டின் முகத்தில் வைத்து, டெப்த் கேஜால் ஒவ்வொரு வால்வும் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்தேன். 1இலும் 8இலும் 0.6 மில்லி, 4இலும் 5இலும் 1.4 மில்லி.

அடுத்த சனிக்கிழமை புதுப்பேட்டை, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் இடம். விரிசல் விட்ட ஒரு ஹெரால்ட் ஹெட், எடைக்கு எடை இரும்பு விலையில் கிடைத்தது. வேண்டுமென்றேதான் விரிசல் விட்டதாகக் கேட்டு வாங்கினேன், அறுத்துப் பார்ப்பதற்காக. அந்த ஹெட் எப்போதோ வண்டியிலிருந்து இறங்கி மூலையில் கிடந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் வெளிர் சாம்பல் நிறப் பூச்சு, விரல் நகத்தால் தடவினால் வழுவழுப்பு. அதை என் ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் சீட் என்று சொல்ல ஒன்றுமில்லை, கிண்ணம் போலக் குழிந்து, ஓரமெல்லாம் சொரசொரவென்று புள்ளி. நகம் ஒவ்வொரு புள்ளியிலும் மாட்டியது. அந்தச் சாம்பல் பூச்சு ஈயப் படிவம் என்பதால் உலர்ந்த நிலையில் சுரண்டவே இல்லை. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டித் தனியே வைத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன். பழைய ஹெட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் பறக்கப் பறக்கத் தேய்ப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

பட்டறை தேடும் படலம் நீண்டது. ஓரிடத்தில், 'ரிங்கைச் சும்மா பிரெஸ்ஸில் ஏத்திட்டு, சுத்தி ஓரத்துல பஞ்ச் அடிச்சு விட்டுடலாம்' என்றார்கள். பஞ்ச் அடித்து நிறுத்திய ரிங் சூட்டில் தளர்ந்து கழன்றால் பிஸ்டனையும் ஹெட்டையும் சேர்த்து நொறுக்கும். கடைசியில் சென்னையின் பாடி பகுதியில் ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன். ஜெனரேட்டர் ஹெட்டும் கேஸில் ஓடும் இன்ஜின் ஹெட்டும்தான் அவருக்கு அன்றாட வேலை. கேஸிலும் ஈயம் கிடையாது, சீட்டின் கஷ்டம் ஏறக்குறைய இதேதான். அதனால் அவரிடம் பழைய வண்டி பற்றி நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஹெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, சீட்டுக்கு அடியில எவ்ளோ இரும்பு இருக்குன்னு தெரியுமா? தண்ணி ரூம்ல போய் ஓட்டை விழுந்துச்சுன்னா ஹெட்டு போச்சு."

"அதுக்குத்தாண்ணே இதையும் கொண்டாந்தேன்" என்று புதுப்பேட்டை ஹெட்டை இறக்கினேன். பவர் ஹேக்சாவில் எக்ஸாஸ்ட் சீட்டின் நடுவே அறுத்தோம். வெட்டு முகத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சீட், அதற்குக் கீழே இரும்பு, அதற்கும் கீழே துருவடைந்த தண்ணீர்ப் பாதை. மிக மெல்லிய இடத்தில் 9 மில்லி இருந்தது. வார்ப்பில் ஒரு ஹெட்டுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்றிரண்டு மில்லி மாறலாம் என்று விட்டுக்கொடுத்து, ரிங் உட்காரும் குழியின் ஆழம் 5 மில்லி என்று மேஸ்திரி முடிவு செய்தார்.

என் ஹெட்டைக் காஸ்டிக் தொட்டியில் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்த்தோம். ஐந்தாம் சீட்டில் முடியளவு ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. மேஸ்திரி, "சீட்டு எடுக்கிற எடத்துலதான் இருக்கு, கடைஞ்சா போயிடும் பாரு" என்றார். கடைந்த பிறகு மறுபடி சாயம் அடித்ததில் கோடு இல்லை.

முதலில் கைடு, அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய். சீட்டை வெட்டும் கருவியின் நடுத் தண்டு (பைலட்) இந்தக் கைடுக்குள்தான் நிற்கிறது. கைடு தேய்ந்திருந்தால் சீட் மையம் தப்பும். பழைய கைடுகளில் வால்வு நன்றாக ஆடியது. எட்டையும் மாற்றி, எக்ஸாஸ்டுக்கு 2 முதல் 3 தௌ இடைவெளி வருமாறு ரீமர் விட்டார்.

எக்ஸாஸ்ட் வால்வும் புதிது. 21-4என் என்ற வகை ஸ்டீல், 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், கொஞ்சம் நைட்ரஜன். வாங்கும்போது வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் எடுத்துப் போனேன். இந்த ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. தலையில் காந்தம் ஒட்டும் வால்வை எக்ஸாஸ்டுக்கு வாங்காதீர்கள். தண்டில் மட்டும் ஒட்டினால் பரவாயில்லை, இரண்டு உலோகத்தை இணைத்துச் செய்யும் வால்வும் உண்டு.

சீட் ரிங்கின் வெளிவிட்டம் சுமார் 33 மில்லி. குழியை அதைவிட 0.09 மில்லி சிறிதாகக் கடைந்தார். அந்த வித்தியாசம்தான் ரிங்கை ஆயுசுக்கும் பிடித்திருக்கப் போகிறது. அதிகமானால் ஹெட் விரிசல் விடும், குறைந்தால் ரிங் கழலும். ஒவ்வொரு குழியையும் போர் கேஜால் மூன்று திசையில் அளந்து, ஹெட்டின் மேலேயே சாக்பீஸால் எழுதினார்.

இதை எப்படி உள்ளே இறக்குவது? நான் ஒரு தெர்மோகோல் பெட்டியில் உலர் பனிக்கட்டி வாங்கிப் போனேன். மைனஸ் 78 டிகிரி. ரிங் அதில் கிடந்தால் 0.04 மில்லி சுருங்கும். பக்கத்துக் கடையில் மோட்டார் வைண்டிங். வார்னிஷ் காயவைக்கும் சூட்டுப்பெட்டி (ஓவன்) அங்கே 120 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டு அதில் ஹெட்டை இரண்டு மணி நேரம் வைத்தோம். குழி 0.03 மில்லி விரியும். இரண்டும் சேர்ந்து 0.07. மீதி 0.02 மில்லிக்கு மட்டும் தட்டினால் போதும்.

ஹெட் மேஜைக்கு வந்ததும் யாரும் பேசவில்லை. பையன் இடுக்கியால் ரிங்கை எடுத்தான். வெளியே வந்த நொடியே அதன் மேல் வெள்ளையாக உறைபனி பூத்தது. மேஸ்திரி அதைக் குழியின் வாயில் வைத்து, பழைய வால்வுத் தண்டில் பற்றவைத்த உருளையை மேலே வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு. முதல் தட்டில் டொக்கென்று வெற்றுச் சத்தம். இரண்டாவதில் ணங்கென்று, ஹெட் முழுக்க ஒரே இரும்பாகிவிட்டதுபோல. அந்தச் சத்தம் வந்தால் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். சூடு சமமாகும்வரை உருளையை அழுத்திப் பிடித்திருந்தார்.

மூன்று அப்படி இறங்கின. நாலாவதை நான் இடுக்கியால் கொடுத்தேன். தயங்கிவிட்டேன், ஐந்தாறு நொடி இருக்கும். உறைபனி தண்ணீராகிவிட்டது. ரிங் பாதியில் சாய்ந்து நின்றுபோனது. நெம்பினால் குழி கெடும். மேஸ்திரி ரிங்கின் உட்புறம் சுற்றிலும் மெல்லிசாக ஒரு வெல்டிங் கோடு ஓட்டினார். வெல்டிங் ஆறும்போது ரிங்கை உள்நோக்கி இழுக்கும். ஆறியதும் கையாலேயே எடுத்தார். குழியை மறுபடி அளந்ததில் காயமில்லை. நாலுக்குப் பதில் ஐந்து ரிங் வாங்கியிருந்தது அன்று காப்பாற்றியது. இரண்டாம் முறை இடுக்கி பையன் கையில்தான்.

ஹெட் நன்றாக ஆறிய மறுநாள் சீட் வெட்டு. முகம் 45 டிகிரி, மேலே 30, கீழே 60. வால்வும் சீட்டும் தொடும் பட்டையை 1.5 மில்லிக்குக் கொண்டுவந்தார். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இந்தப் பட்டை வழியாகத்தான் ஹெட்டுக்குத் தள்ளுகிறது. குறுகினால் வால்வு வெந்துபோகும், அகலமானால் அழுத்தம் குறைந்து கரி மாட்டிக்கொள்ளும். நீலச் சாயம் தடவிப் பார்த்ததில் வால்வின் நடுப்பகுதியில் அறுந்துபோகாத ஒரு நீல வளையம். அப்புறம் தண்ணீர்ப் பாதைகளை அடைத்து, காற்று ஏற்றி, வெந்நீரில் முக்கிப் பார்த்தோம், குமிழி இல்லை. ஹெட்டின் முகத்தை 0.1 மில்லி மட்டும் சீவிச் சமமாக்கினோம் (ஃபேஸிங்). ஸ்பிரிங் எல்லாம் மாட்டி, பிளக்கைப் போட்டுக் கவிழ்த்து, அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தோம். போர்ட்டில் ஈரமே இல்லை. இன்லெட் பக்கம் சீட் பதிக்கவில்லை, பேஸ்ட் வைத்து உருட்டும் லேப்பிங் மட்டும், அதுவும் மெல்லிசாக.

வீட்டில் மாட்டியது ஒரு நாள் வேலை. நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றில், 42 முதல் 46 அடி-பவுண்டு. டாப்பெட்டுக்கு ஒன்பது கணக்கு: எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் ஒன்றைச் செட் பண்ணு, ஆறு திறந்திருந்தால் மூன்று. கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

கூடவே செய்த ஒன்று. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனாலுக்கு எரியக் குறைவான காற்று போதும் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் பழையபடியே இருந்தால் கலவை மெலிந்து எக்ஸாஸ்ட் சூடாகும். புதுச் சீட்டுக்கு அந்தச் சோதனை வேண்டாம் என்று மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினேன். ரப்பர் ஹோஸ்களை எத்தனாலைத் தாங்கும் 'விட்டான்' (Viton) வகை ஹோஸாக மாற்றி, பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் புதிது.

செலவு, பட்டறைக்கும் பொருளுக்குமாக 19,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

சூடேறி ஆறியதும் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை நட்டை முறுக்கிப் பார்த்து டாப்பெட் செட் பண்ணினேன். கம்ப்ரெஷன் 134, 131, 130, 133. திண்டிவனம், ஒருமுறை புதுச்சேரி, ஒருமுறை வேலூர் என்று 3,200 கிலோமீட்டர் ஓடிய பிறகு போன ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் முழுக்க ஆறியிருந்தபோது கவரைத் திறந்தேன். நாலிலும் ஐந்திலும் 10 தௌ தகடு லேசாக உரசிக்கொண்டு போய் வந்தது, 11 போகவில்லை.

அறுத்த ஹெட்டின் ஒரு பாதியை மேஸ்திரி கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டறை வாசலில் மேஜை மேல் இருக்கிறது. பழைய ஹெட்டோடு வருகிறவர்களுக்கு, சீட்டுக்கு அடியில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுகிறார்.